நாலு முறை திறக்கும் சாவி

குமரகுருவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் என்னை உள்ளே விடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆனி மாதம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கம். பெயர் வேண்டாம். அங்கே ஜரிகை வைக்கும் அறைக்குப் புதுப் பூட்டு பொருத்த எங்கள் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, காலில் கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூ. அறை வாசலில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், அரைக்கைச் சட்டை, வேட்டி, நெற்றியில் திருநீறு, இரண்டு கையையும் நிலையில் வைத்து மறித்துக்கொண்டு நின்றார்.

"ஷூவோட எங்க போற?"

"பூட்டு மாட்ட வந்திருக்கேன் சார். எஞ்சினியர்."

"எஞ்சினியர்னா கால்ல இருக்கிறதக் கழட்ட வராதா? உள்ள வெள்ளியும் தங்கமும் இருக்குதுபா. லட்சுமி இருக்கிற எடம்."

குனிந்து நாடாவை அவிழ்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. நான் நிமிர்ந்ததும் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடிக்க என்று நினைத்து வாங்கினேன். கால் கழுவ.

நான் முசரவாக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அப்பா அடுத்தவர் நிலத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டு அடித்த விசிட்டிங் கார்டை அவர் இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்படிப்பட்டவனைக் கால் கழுவச் சொன்ன ஸ்டோர் கிளார்க் மேல் அன்று எனக்கு நல்ல கோபம். பூட்டைப் பொருத்திவிட்டு, புதுச் சாவியை அவர் கையில் கொடுக்கும்போது கொஞ்சம் மிடுக்காகவே பேசினேன்.

சாவி என்றால் பல் வெட்டிய இரும்பு இல்லை. கட்டைவிரல் தடிமனில், விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கட்டி. முனையில் தங்க நிறத்தில் இரண்டு புள்ளிகள். அவை பூட்டின் முகத்தைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும், பூட்டு விடும். யார் சாவி, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்பதெல்லாம் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். மேனேஜர் கேட்டபடி குமரகுருவின் சாவிக்கு நான் எழுதிக் கொடுத்தது: வேலை நாள்களில் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை, ஒரு நாளைக்கு நாலு முறை. வேலை முடிந்ததும் மேனேஜர் அறையில், நாங்கள் தொட்டில் என்று சொல்லும் சிறு பெட்டியில் அதைச் சொருகிவிட வேண்டும். மறுநாளைக்கான அனுமதியை அது அங்கேதான் வாங்கிக்கொள்ளும். சங்கத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. இவற்றை ஒரு தாளில் அச்சடித்துக் கையெழுத்தும் வாங்கினோம்.

"அஞ்சாவது வாட்டி தொறக்கணும்னா?" என்று கேட்டார்.

"தொறக்காது சார்."

"ஒருத்தன் தறியில பாதிப் பொடவையில ஜரிகை தீந்துபோய் ஓடியாறான். நான் இன்னா சொல்லணும்?"

"நாளைக்கு வரச் சொல்லணும்."

"தறி நிக்குமே, தம்பி."

"அதுக்கு நான் என்ன சார் பண்றது? மேனேஜர் சொன்னதத்தான் எழுதியிருக்கேன்."

"ஒடச்சிப் பாத்தா?"

"செத்துடும். ஒடைக்க வேணாம், கம்பி விட்டு ஏமாத்தப் பாத்தாக்கூடப் போதும். உள்ள இருக்கிறத எல்லாம் தானே அழிச்சிக்கும். கடைசியா ஒரே ஒரு வரி எழுதி வைக்கும். எந்தத் தேதி, எத்தினி மணி, எத்தினி நிமிஷம்னு. அத யாராலயும் மாத்த முடியாது. எங்களாலயும் முடியாது."

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரோஷக்காரன் போல" என்றார்.

குமரகுரு அந்த வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு தறியில் இருந்தவர். ஒரு மார்க் ஜரிகை கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதைக் கையில் வாங்கினாலே அரை கிராம் கூடக்குறைய எடை சொல்லிவிடுவார் என்று சங்கத்தில் பேசிக்கொள்வார்கள். நான் பார்த்த அளவில் ஒன்றரை கிராம் வரை தவறும். ஆனால் தராசில் வைக்காமல் ஒரு நாளும் கொடுத்ததில்லை. பழைய இரும்புச் சாவி அரைஞாணில் தொங்கிக்கொண்டு, அவரோடு வீட்டுக்குப் போய், அவரோடு சாப்பிட்டு, அவரோடு தூங்கி, அவரோடு திரும்பி வந்திருக்கிறது. அதை மேனேஜரிடம் ஒப்படைத்த அன்று இடுப்பு லேசாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாராம்.

பராமரிப்புக்காக மாதம் ஒரு தடவை நான் அங்கே போக வேண்டும். இரண்டாவது தடவை போனபோது அறை வாசலில் சிலேட்டு தொங்கியது. பத்து, பன்னிரண்டு, மூன்று, ஐந்து. அந்த நாலு வேளைக்குத்தான் கதவு திறக்கும், முன்னால் வந்தவர்கள் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். பதினொன்றுக்கு வந்து உட்கார்ந்திருந்த கண்ணாயிரம் குமரகுருவுக்கு மைத்துனர் முறை, ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் தறி போட்டிருப்பவர்.

"இன்னா மச்சான், உன் சாவி விரதம் இருக்குதா? வேளைக்கு ஒரு வாட்டிதான் வாயத் தொறக்குமாமே!"

"உன் வாயி மாதிரி எப்பப் பாத்தாலும் தொறந்துக்கினே இருக்கச் சொல்றியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. என் இயந்திரத்துக்குத் தகுந்த மாதிரி அவர் தன் நாளை மடித்துக்கொண்டார் என்று எனக்குப் பெருமைகூட. அப்போதிலிருந்து நான் அவரை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஷூவை வாசலிலேயே கழற்றினேன்.

புரட்டாசி கடைசியில் அவரே எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, விஜயதசமி அன்னிக்கு ஒரு மணி நேரம் தொறக்கிற மாதிரி பண்ணிக் குடு. லீவுதான். ஆனா அன்னிக்குத் தறியில புதுப் பாவு போடறவனுக்கு மொதல் ஜரிகை நிறுத்துக் குடுக்கிறது வழக்கம். வெறுங்கையோட அனுப்பக் கூடாது."

மேனேஜர் இளவரசனிடம் கேட்டேன். அவர் மதுராந்தகத்துக்காரர், இந்தச் சங்கத்துக்கு வந்து ஒரு வருடம். "குடுங்க, குடுங்க, வழக்கம்னா என்ன பண்றது" என்றார். ஒன்பதிலிருந்து பத்து வரை, ஒரே ஒரு முறை என்று சாவியிலேயே எழுதிக் கொடுத்தேன், அந்த ஒரு நாளுக்குத் தொட்டிலின் அனுமதி தேவைப்படாதபடி.

அந்த விஜயதசமி காலை ஒன்பதே காலுக்குக் குமரகுரு மறுபடி அழைத்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"தம்பி, வெளக்கு எரியல. பச்சையும் இல்ல, செவப்பும் இல்ல. கல்லு மாதிரி கெடக்குது. கண்ணாயிரம் தட்டு, வெத்தல பாக்கோட நிக்கிறான்."

பேட்டரியாக இருக்கும், நாளை வருகிறேன் என்றேன். கண்ணாயிரம் அன்று வெறும் தட்டோடு திரும்பினார்.

மறுநாள் போனேன். மேனேஜரும் அவரும் நின்றிருக்க, சாவியை என் கருவியில் சொருகினேன். உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாம் அழிந்திருந்தது. ஒரே ஒரு வரி மட்டும்: ஆயுத பூஜை தேதி, மாலை ஆறு நாற்பத்திரண்டு, புள்ளிகளுக்கு இடையே அன்னிய மின்னோட்டம்.

"ஐயா, கீழ போட்டீங்களா?"

"இல்லப்பா."

"தண்ணி கிண்ணி பட்டுதா?"

"ஐயய்யோ, இல்ல."

உண்மையைத்தான் சொன்னார். சாவியின் முனையில், பள்ளத்தில், மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். எங்கள் அறிக்கைத் தாளில் மூன்று கட்டங்கள்தான் உண்டு: பேட்டரிக் கோளாறு, விழுந்து சேதம், சிதைக்கும் முயற்சி. பேட்டரி நன்றாக இருந்தது. ஓட்டில் கீறல் இல்லை. மூன்றாவதில் டிக் அடித்து, பி.இ. என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இளவரசன் அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு குமரகுருவைப் பார்த்தார். "ஆயுத பூஜை அன்னைக்கு ஆறே முக்காலுக்கு ஆபீஸ்ல யாருமே இல்லையே. சாவி எங்க இருந்துச்சு?"

குமரகுரு மேனேஜர் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மத்தியானமே அறைக்கு முத்திரை வைத்தார்கள். பூட்டை என்னிடமிருந்த அவசரச் சாவியால் திறந்து, சங்கத்து ஆள்கள் இருவர், வெளியிலிருந்து ஒருவர் என்று மூன்று நாள் உட்கார்ந்து இருப்பு முழுவதையும் எடை போட்டார்கள். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இளவரசனிடம் பேசினேன்.

"சார், ஒண்ணும் குறையலியே."

"குறையலன்னா என்ன அர்த்தம்? பார்த்திருக்காரு, முடியலன்னு அர்த்தம்."

"மறுநாள் காலைல அதே சாவி தானா தொறக்கப் போகுது சார். முந்தின நாள் எதுக்குக் கம்பி விடணும்?"

"லீவு நாள்ல தொறக்கணும்னு கேட்டது யாரு? அவருதானே? எனக்கு இப்ப அதுவே இடிக்குது."

இளவரசன் கெட்டவர் இல்லை. வேறொரு ஊரில் சங்கத்துச் சரக்கு காணாமல் போய், அங்கே மேனேஜராக இருந்தவர் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். அந்தப் பயம் இவருக்கு. அவர் கையில் இருந்ததோ நான் கையெழுத்துப் போட்ட தாள்.

பத்து நாள் கழித்துப் புதுச் சாவி எழுதிக் கொடுக்கப் போனேன். இந்தத் தடவை அது சிவராஜ் என்ற பையன் கிளார்க்குக்கு. பையன் என்றால் முப்பது வயது. குமரகுருவுக்கு வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களின் பெயரை எழுதும் வேலை கொடுத்திருந்தார்கள். நான் இருந்த அந்த அரை மணி நேரத்தில் ஒரு காட்சி. யாருக்கு எந்தக் கட்டு என்று சிவராஜுக்குத் தெரியவில்லை. கதவை ஒரு தடவை திறந்து, கட்டு மாறிப்போய், இன்னொரு தடவை திறந்து, உள்ளேயிருந்தே குரல் கொடுத்தான்.

"சார், மூணாவது தட்டுல எது பழைய சரக்கு?"

குமரகுரு எழுந்தார். நாலு அடி நடந்தார். நிலைவாசலில் நின்றுவிட்டார். உள்ளே போக அவருக்கு அனுமதியில்லை. அங்கிருந்தே கையை நீட்டி, "வலது பக்கம்... அது இல்ல, அதுக்கு அடுத்தது" என்றார். பெஞ்சில் கண்ணாயிரம் இருந்தார். யாரும் கேலி பேசவில்லை. கண்ணாயிரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊமைத்தனத்துக்குக் கேலியே எவ்வளவோ தேவலை.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது குமரகுரு பின்னாலேயே வந்தார்.

"தம்பி, கோவிச்சுக்காத. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் இன்னா பண்ணேன்னு அது எழுதி வெச்சிருக்குது?"

"உங்களுக்குத் தெரியாதா ஐயா?"

"தெரிஞ்சா கேப்பனா? எல்லாரும் எதையோ பண்ணேன்றாங்க. நான் பண்ணது எனக்கே தெரியல."

அந்த வரியின் படம் என் போனில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். தேதியைப் படித்தார். மணியைப் படித்தார். மறுபடி படித்தார்.

"ஆறு நாப்பத்திரண்டு" என்றார். "அப்ப நான் பொட்டு வெச்சேன்."

"எதுக்கு?"

"சாவிக்குத்தான்."

அவர் வீடு நாலு தெரு தள்ளி. அன்றே போனோம். மனைவி தில்லையம்மாள் தறிக்குழியில் இருந்து எழுந்து வந்தார். நடந்ததை அவர் சொல்லித்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். நெசவுக்காரர் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அந்த வீட்டில் யார் எதை வைத்துச் சம்பாதிக்கிறார்களோ அதைக் கழுவித் துடைத்துச் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைக்க வேண்டும். மறுநாள் காலைவரை அதைத் தொடக் கூடாது. தில்லையம்மாள் தறியில் குறுக்கிழை ஓட்டும் நாடா, மகள் கீர்த்தியின் லேப்டாப், கத்தரிக்கோல், நூல் சுற்றும் ராட்டை. இருபத்தாறு வருடமும் அந்த வரிசையில் குமரகுருவின் இரும்புச் சாவி இருந்திருக்கிறது.

"இந்த வருசம் எடம் காலியா இருந்துது" என்றார் தில்லையம்மாள். "இவரு மொகத்தப் பாக்க முடியல. நான்தான் சொன்னேன், ஒரு ராத்திரிக்கு எடுத்தாந்தா இன்னா, காலைல கொண்டும்போய்த் தரப்போறீங்கன்னு."

சங்கத்துப் பூஜை முடிந்து மேனேஜர் மத்தியானமே ஊருக்குப் போயிருந்தார். குமரகுரு சாவியைத் தொட்டிலில் சொருகாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஈரச் சந்தனத்தைக் குழைத்து, நாடாவுக்கு முனையில் வைப்பதுபோல, சாவிக்கும் முனையில் வைத்தார். அந்த இரண்டு தங்கப் புள்ளிகளும் அவருக்குக் கண் மாதிரித் தெரிந்தனவாம். நடுவில் அழுத்தி ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். இரண்டு புள்ளிக்கும் நடுவே ஈரம் பாலம் போட்டது. எவனோ கம்பி விடுகிறான் என்று சாவி முடிவு செய்தது. மறுநாள் காலை ஒரு துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். நான் தண்ணீர் பட்டதா என்று கேட்டேன். சந்தனத்தை யாராவது தண்ணீர் என்பார்களா?

கீர்த்தி அன்றைய பூஜையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். எல்லாம் தெளிவாக இருந்தது. வாழையிலை, பொரி, நாடா, லேப்டாப், அதன் பக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாக என் சாவி. மணி ஆறு நாற்பத்தைந்து.

"இதக் காமிச்சா போதும்" என்றேன்.

கீர்த்திதான் யோசித்தாள். "அண்ணா, இதுல சாவி எங்க வீட்ல இருக்கே. வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு அப்பா கையெழுத்துப் போட்டிருக்காருல்ல?"

படத்தைக் காட்டினால் சிதைக்கப் பார்த்தார் என்ற பேச்சு போகும், ஆனால் விதியை மீறியது தானே ருசுவாகும். காட்டாவிட்டால் திருடப் பார்த்தவர் என்ற பேர் அப்படியே நிற்கும். எது வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

"வூட்டுக்கு எடுத்துக்கினு போனது நெசம்தானே" என்றார் குமரகுரு. "நெசத்துக்கு இன்னா தண்டன தர்றாங்களோ தரட்டும். ஜரிகைல கை வெச்சான்னு மட்டும் வேணாம்."

மறுநாள் இளவரசனிடம் படத்தைக் காட்டினோம். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் ஒரு நிமிடம் இளகியது. "அடப் பாவமே, சந்தனமா?" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "இதை நான் கமிட்டிக்கு வெக்கணும். வெச்சா, சாவி வெளிய போனது தெரிஞ்சிடும். என்னையும் கேப்பாங்க, அன்னைக்கு நீ எங்க போயிருந்தேன்னு." அப்படியும் வைத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

என் பக்கத்து வேலை அறிக்கையைத் திருத்துவது. சென்னை அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். செத்த சாவிகளை ஒரு வாரத்தில் பொடியாக்கிவிடுவது எங்கள் முறை என்று பதில் வந்தது. பொடியாக்கியாகிவிட்டது, இனி மறு ஆய்வு செய்ய ஒன்றும் இல்லை, முடித்த புகாரைத் திறக்க முடியாது. பள்ளத்தில் மஞ்சளாகப் பார்த்ததை அன்றே ஏன் எழுதவில்லை என்று என் மேலதிகாரி கேட்டார். துடைத்துவிட்டேன் என்றேன். இப்போது எழுதினால் அந்த ஆளுக்கு வேண்டி எழுதியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்றார். கமிட்டிக்கு நானே தனியாக ஒரு கடிதம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

ஐந்து பேர் கமிட்டி. குமரகுருவை உள்ளே கூப்பிட்டு நாலே கேள்வி கேட்டார்களாம். சாவியை வெளியே கொண்டுபோனீர்களா? ஆமாம். கூடாது என்று தெரியுமா? தெரியும். கையெழுத்து உங்களுடையதா? ஆமாம். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?

"ஜரிகைய நிறுத்துப் பாத்தீங்களேன்னு சொன்னேன்" என்றார் என்னிடம், வெளியே வந்து. "அது தனிங்கன்னுட்டாங்க."

முடிவு கார்த்திகையில் வந்தது. இருப்புப் பொறுப்பிலிருந்து நிரந்தரமாக நீக்கம். அவராகவே விருப்ப ஓய்வு கேட்டால் கமிட்டி பரிசீலிக்கும். என் கடிதத்தைக் கோப்பில் வைத்தார்கள். என் அறிக்கையும் அதே கோப்பில், அதற்கு முன்னால், டிக் அடித்தபடி இருக்கிறது. ஊரில் பூஜைக் கதையை நம்பியவர்கள் உண்டு. படம் அப்புறம் எடுத்ததாக இருக்கும் என்றவர்களும் உண்டு. கண்ணாயிரம் நம்பினார். ஆனால் கீர்த்திக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இடம், ஆரணிப் பக்கம், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது. காரணம் சொல்லவில்லை.

தை மாதம் குமரகுரு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கடைசி நாள் நான் போகவில்லை. போனில் கூப்பிட்டேன். "நீ படிச்ச புள்ள, உன் வேலையத்தான் நீ பண்ண" என்றார். திட்டியிருக்கலாம்.

எங்கள் அறிக்கைத் தாளில் இப்போது நாலாவதாக ஒரு கட்டம் இருக்கிறது, "பிற காரணம்" என்று, பக்கத்தில் எழுத இரண்டு வரி இடம் விட்டு. நான் கேட்டு எட்டு மாதம் கழித்துச் சேர்த்தார்கள். முன் தேதிக்கு அது செல்லாது.

குமரகுருவுக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில் ஒரு அரிசி மண்டியில் வருகிற மூட்டைகளை எண்ணிச் சீட்டு எழுதுகிறார். சைக்கிளில் போய் வருகிறார். தில்லையம்மாள் வேறொரு சங்கத்துக்கு நெய்கிறார். கீர்த்திக்கு இன்னும் இடம் அமையவில்லை. பழைய சங்கம் இருக்கும் தெரு வழியாகப் போனால் மண்டிக்குப் பத்து நிமிடம் மிச்சம். அவர் அந்த வழியாகப் போவதில்லை.